வாசல் பக்கக் கண்ணாடி

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ரூட்தான். சந்தையில் கிளம்பி, ரயில்வே கேட்டைத் தாண்டி, ஆஸ்பத்திரி வாசலில் போய் முடியும். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தக் கண்ணாடியில்தான் ஆரம்பிக்க வேண்டும். கண்டக்டர் விசில் கொடுத்தாலும் உடனே வண்டியை எடுக்க மாட்டார். தலையை லேசாகச் சாய்த்து, மோவாயைத் தூக்கி, வாசல் பக்கக் கண்ணாடியில் தெருக்கோடி வரை ஒரு பார்வை பார்ப்பார். யாராவது ஓடி வந்தால் நிற்பார். அவ்வளவுதான் மனுஷன்.

வீட்டிலும் இதே கூத்துதான். சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் கதவுப் பக்கம் ஒரு பார்வை. சொந்தக்காரர் கல்யாணத்தில் போட்டோவுக்கு எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம், இவர் "இருங்க இருங்க, யாரோ வர்றாங்க" என்றார். வந்தவர் சமையல்காரர். அந்தப் போட்டோவில் அவரும் கரண்டியோடு நிற்கிறார்.

என் அண்ணன் வரும்போதெல்லாம் இவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். "மாப்பிள்ளை மாதிரி நல்ல மனசு யாருக்கு வரும்?" எனக்கு எரிச்சலாக வரும். நல்ல மனசென்றால் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. எனக்கெல்லாம் அப்படித்தான். இவருக்கு இது மூக்கைச் சொறிகிற மாதிரி. ஒருமுறை கேட்டே விட்டேன். "மனசெல்லாம் ஒண்ணுமில்ல. கால் தானா பிரேக்குக்குப் போயிடுது" என்றார்.

டிப்போவில் டைம் கீப்பருக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். வண்டி லேட் என்று மெமோ மேல் மெமோ. ஒரு சமயம், இனி எவனுக்காகவும் நிற்பதில்லை என்று ரோஷப்பட்டு ஒரு வாரம் ஓட்டினார். டைம் கீப்பர் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தாராம். வீட்டிலோ இழவு விழுந்த மாதிரி இருந்தது. குழம்பில் உப்பில்லை என்றார், இருந்தது. சட்டை சரியாகத் துவைக்கவில்லை என்றார், துவைத்தது அவரேதான். சாயங்காலமானால் கட்டிலில் உட்கார்ந்து பீரோக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வாரம் புது மெமோவோடு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். சந்தோஷம் என்று அவரவர் எதை எதையோ தேடி அலைகிறார்கள். இவருக்கு அது, ஓடி வந்த ஆள் ஏறி, கம்பியைப் பிடித்து, மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு கியரைப் போடுவது. காசு செலவில்லாத சந்தோஷம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் செலவு என் மகள் தலையில் விழுந்தது.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் அவளை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பத்து மணிக்கு மேல் வந்தால் உள்ளே விட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். டாக்சியில் போகிறேன் என்றாள். "அப்பா வண்டி இருக்கும்போது டாக்சி எதுக்கும்மா? நேரத்துக்குக் கொண்டுபோய் வாசல்லயே இறக்கி விடறேன்" என்று இவர்தான் வாக்குக் கொடுத்து, தன் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனார்.

ரயில்வே கேட்டுக்கு முந்தின ஸ்டாப். விசில் கொடுத்தாச்சு. கண்ணாடியில் பார்த்தால் தெருக்கோடியில் ஒருவன் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். "எடுங்கப்பா, இன்னிக்கு மட்டும்" என்று மகள் கெஞ்சியிருக்கிறாள். வண்டி நகரவில்லை. அவன் வந்து ஏறி, மூச்சு வாங்கி, "இது ஸ்டேஷன் போகுமா?" என்று கேட்டான். போகாது என்றார் கண்டக்டர். இறங்கிப் போய்விட்டான். அதற்குள் ரயில்வே கேட்டைச் சாத்திவிட்டார்கள். கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போய் முடிவதற்குள் கம்பெனி கேட்டையும் சாத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை, கத்தவில்லை. அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "சாப்பாடு ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லும்மா" என்பாள், அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நடுவில் நான் தபால்காரி. அவள் குளிக்கும்போது இவர் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று "தப்புதாம்மா" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் வந்தது.

"பெத்த பொண்ணை விட அந்தப் பைக்காரன் பெரிசாப் போயிட்டானா?" என்று நானும் பிடித்து உலுக்கினேன்.

"அவ பின்னாடி இருக்கறதும் தெரிஞ்சுது, அவன் ஓடி வர்றதும் தெரிஞ்சுது. கால் என்னைக் கேக்கலயே" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நல்ல குணத்துக்கு ஆள் பார்த்து நடக்கத் தெரியும். பழக்கத்துக்குத் தெரியாது. அதற்குச் சொந்தமும் ஒன்றுதான், அந்நியமும் ஒன்றுதான். அது உசத்தியா மட்டமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபம் மட்டும் போகவில்லை.

சில மாதம் கழித்து அவளுக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் கவுன்ட்டரில் வேலை கிடைத்தது. கம்பெனி சம்பளத்தில் பாதிதான். அப்பாவின் பஸ் வந்து முடிகிற அதே ஆஸ்பத்திரி. ஆனால் இவள் வேறு பஸ் பிடித்து, பாதி ஊரைச் சுற்றிக்கொண்டு போய் வருவாள். பிடிவாதத்தில் என் பிறந்த வீட்டைக் கொண்டிருக்கிறாள்.

அப்புறம் இவருக்குக் கண் பரிசோதனை வந்தது. டிரைவர்கள் வருஷா வருஷம் அதே ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்க வேண்டும். தெருக்கோடி வரைக்கும் தெரிகிற கண்ணுக்கு என்ன பரிசோதனை என்று தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டுக் கடைசி நாளுக்கு வந்து நின்றார். அன்று சீட்டு வாங்கிக் கண்ணைக் காட்டாவிட்டால் மறுநாள் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, டிப்போவில் வண்டி கழுவ வேண்டியதுதான். மதியம் பன்னிரண்டுக்குச் சீட்டுக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். "அதுக்கு முன்னாடி என் டிரிப் அங்க வந்துடும்" என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. முன்னாடியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

பன்னிரண்டு அடித்தது. ஆளைக் காணோம். எங்கே யாருக்காக நிற்கிறாரோ. கண்ணாடிக்குப் பின்னால் மகள் எழுந்தாள். ஓடிப்போய்ச் சொல்லலாம்தான். அப்பாவுக்காகக் கொஞ்சம் காத்திரு என்று நான் எந்த முகத்தோடு அவளிடம் போய்க் கேட்பது?

அவள் ஷட்டரில் கையை வைத்தாள். இழுக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, மோவாயைத் தூக்கி, வராந்தாக் கோடி வரை ஒரு பார்வை பார்த்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துக் கவுன்ட்டர்க்காரம்மா பையை மாட்டிக்கொண்டே என்னிடம், "இந்தப் பொண்ணு தினமும் இப்படித்தாங்க. யாராச்சும் ஓடி வர்றாங்களான்னு பார்க்காம மூட மாட்டா" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

கோடியில் வளைவு திரும்பி ஒருவர் ஓடி வந்தார். சட்டை வெளியே தொங்க, ஒரு கையில் தொப்பி. எல்லாரும் அவரை நோக்கி ஓடித்தான் பார்த்திருக்கிறேன், அவர் ஓடிப் பார்த்ததில்லை. ஓடத் தெரியவில்லை பாவம். வருவது யார் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. முகம் இறுகியது. கை ஷட்டரை விட்டு இறங்கியது.

"மெதுவா வாங்க. மூடல" என்றாள். என்னிடம் இல்லை, அவரிடம்.

அவர் வந்து கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் மூச்சு நிதானத்துக்கு வரும்வரை சும்மா இருந்தாள்.

"ஏன் லேட்டு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு அம்மா, குழந்தையத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க."

"சரியான வண்டிதானா?"

"சரியான வண்டிதாம்மா" என்றார். அவள் சீட்டு எழுத ஆரம்பித்தாள்.