பருத்திக் காட்டுக்குள் என்னைக் கண்டுபிடித்தவர்

வயர்லெஸ் அதிகாரி என்றால் மீசையும் தொப்பியுமாக வருவார் என்று நினைத்திருந்தேன். வந்தவர் ஒல்லி. காதில் ஹெட்போன், கையில் ரேடியோ அலை வரும் திசையைக் காட்டும் வளையம் பொருத்திய பெட்டி. யார் என்ன சொன்னாலும் ஒரு நொடி கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

எழுபதுகளில் கல்யாண வீடுகளில் பந்திக்கு ஆள் கூப்பிடுவதும், சாம்பார் எங்கே என்று கத்துவதும் என் உத்தியோகம். சிங்கப்பூரிலிருந்து வந்த வீரசோழன் ஊர்க்கார நண்பர் ஒயர் இல்லாத மைக் ஒன்றை இரவல் தந்திருந்தார். அன்று எம்.ரெட்டியபட்டியில் முழங்கிக்கொண்டிருந்தபோது மதுரையிலிருந்து வயர்லெஸ் அதிகாரியின் ஜீப் வந்தது. இரவல் மைக் போய்விடுமே என்று பயந்து, அதை வேட்டி மடியில் செருகிக்கொண்டு பருத்திக் காட்டுக்குள் ஓடிப் பதுங்கினேன்.

அவர் பெட்டியை மட்டும் பார்த்தபடி நடந்து, நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீக?"

கண்ணை மூடித் திறந்தார். "மைக்கை நீங்க அணைக்கலையே. ஓடும்போது கும்பிட்ட சாமி பேரெல்லாம் கேட்டுச்சு."

"முந்தி யாரும் ஒண்ணுஞ் சொல்லலையே சார்."

"முந்தி இந்த அலைவரிசை சும்மா கிடந்துச்சு. இப்ப போலீசுக்குக் கொடுத்தாச்சு. மூணு முகூர்த்தமா அவங்க வயர்லெஸ்ல நீங்க சாம்பார் கேக்குறீங்க."

வழக்குப் போடவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டு, நண்பரிடம் காட்ட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் பக்கத்தில் நின்று பேசினாலே என் பக்கம் யாரும் திரும்புவதில்லை. என் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் மதுரையிலிருந்து புறப்பட்டு, அத்தனை செடிகளில் நான் குந்தியிருந்த செடிவரை வந்து சேர்ந்தாரே. மைக் போன வருத்தம் எப்போதோ ஆறிவிட்டது. அந்த ஆச்சரியம் இன்னும் ஆறவில்லை.