என் கஷாயத்துக்கு நானே கேட்ட பரீட்சை

பிரிக்பீல்ட்ஸில் நான் கட்டுப்போட்டு நடக்க வைத்த ரயில்வே தொழிலாளிகள் இன்றும் வழியில் கண்டால் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இளைய வைத்தியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, என் மருந்து தோற்ற கதையை.

1930களின் தொடக்கம். எங்கள் நாட்டு வைத்தியர் சங்கத் தலைவர் ஒரு காலை மூச்சிரைக்க வந்தார். அவர் வைத்தியர் அல்ல, துணிக்கடைக்காரர்.

"சங்கம் சர்டிபிகேட் குடுத்தா போதுமாம். கவர்மெண்ட் ஆபீஸ்ல வெள்ளைக்காரத் துவான் முத்திரை வெச்சுக் குடுப்பாரு. நம்மாளுங்க எஸ்டேட் ஆஸ்பத்திரியிலயே வேலை பாக்கலாம். பரிசோதகர்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"யாரைப் பரிசோதிக்கணும்?"

"யாரையும் வேணாம் லா. எல்லாரும் நம்ம மெம்பருங்கதானே."

மெம்பர்களில் கைராசிக்காரர்கள் இருந்தார்கள். சந்தா கட்டியதைத் தவிர வைத்தியத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களும் இருந்தார்கள். ரப்பர் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது. முத்திரையை நம்பி ஒருவன் தன் பிள்ளையை இவர்களிடம் தூக்கிக்கொண்டு வருவானே என்று நினைத்தேன். முடியாது என்றேன்.

மாலையில் செல்லையா வந்தான். பக்கத்துத் தெரு வைத்தியன், என் நண்பன். அந்தச் சர்டிபிகேட் வந்தால் கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் அவனுக்கு வேலை உறுதி.

"நானும் போலியா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. ஆனா காய்ச்சலுக்கு நாம குடுக்கிறது கேக்குதான்னு யாராச்சும் சோதிச்சுப் பாத்திருக்காங்களா?"

"ஒன் மருந்த மட்டும் யாரு சோதிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்த தமிழ் டாக்டரிடம் என் காய்ச்சல் கஷாயத்தைச் சோதிக்கச் சொன்னேன்.

"தோத்துட்டா என்ன செய்வீங்க, வைத்தியரே?"

"தோத்துடுச்சுன்னு நானே சொல்றேன், டாக்டர்."

மலேரியா லேசாக இருந்தவர்களில், சம்மதித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரியின் கொய்னா மருந்து, பாதிப் பேருக்கு என் கஷாயம். யாருக்காவது உடம்பு மோசமானால் உடனே கொய்னா. முதலில் என் ஆட்கள் நன்றாகத் தூங்கினார்கள், பசிக்கிறது என்றார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு டாக்டர் மைக்ராஸ்கோப்பில் ரத்தத்தைக் காட்டினார். கொய்னா குடித்தவர்களிடம் கிருமி இல்லாமல் போயிருந்தது. என் ஆட்களிடம் அப்படியே இருந்தது. காய்ச்சலும் திரும்பியது. அவர்களுக்கும் கொய்னா கொடுத்த பிறகுதான் எழுந்தார்கள்.

அது என் அப்பா கற்றுத் தந்த கஷாயம்.

சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து நடந்ததைச் சொன்னேன். "நம்ம மானத்த வாங்கிட்டீங்களே!" என்று தலைவர் கத்தினார்.

"மருந்த சோதிச்சு, தேறினதுக்கு முத்திரை கேப்போம். மொதல்ல என் மருந்தக் குடுத்துட்டேன். அடுத்து யாரு?" என்றேன். ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். பரிசோதகர் கையெழுத்து இல்லாமல் துவானும் முத்திரை வைக்கவில்லை. செல்லையாவின் வேலை போயிற்று. அவன் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டான்.

மழைக்காலத்தில் ஒருநாள் என் வாசலில் ஒரு ரிக்‌ஷா நின்றது. உள்ளே காய்ச்சலில் துவண்டுபோன மனைவியோடு செல்லையா.

"என் மருந்து கேக்கல. நீ பாத்துட்டு எங்க போகச் சொல்றியோ அங்க போறேன்" என்றான்.

நாடியைப் பார்த்தேன். ரிக்‌ஷாக்காரனை நேரே ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லிவிட்டு, நானும் பின்னாலேயே நடந்தேன். அவள் பிழைத்தாள். வார்டு வாசலில் அவனிடம் கேட்டேன், "கோவமா இருந்தியே, ஏன் என்கிட்ட வந்த?"

"சொந்த மருந்து ஆகாதுன்னு சபையில சொன்ன ஆளு நீ ஒருத்தன்தான். ஒன் பேச்ச நம்பாம வேற யார் பேச்ச நம்புறது?"

பட்டம் கேட்கும் முன் உங்கள் மருந்தைச் சோதனைக்குக் கொடுங்கள். தோற்றால் நீங்களே முதலில் சொல்லுங்கள். சொன்ன பிறகும் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் என் வாசலில் கூட்டம் குறையவே இல்லை. காய்ச்சல்காரர்களும் வந்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று என்னைக் கேட்க.