கூடைக்குள் சேவல்

ஈப்போவில் நாங்கள் குடிவந்த வீட்டுக்கு நகராண்மைக் கழகத்திலிருந்து வந்த முதல் கடிதத்தை வாசித்தவள் நான்தான். வீட்டில் மலாய் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதோடு நான்காம் வகுப்புத் தலைவி வேறு. வீடமைப்புப் பகுதியில் சேவல் வளர்க்கக் கூடாது, ஏழு நாளில் அகற்றாவிட்டால் பறிமுதல் செய்யப்படும் என்று நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அது கோப்பெங் பக்கத்தில் நாங்கள் முன்பு இருந்த தோட்டத்து முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல். எங்களோடு லாரியில் வந்தது. நேர்ந்ததை விற்கக் கூடாது, இன்னொன்றை மாற்றி வைக்கக் கூடாது. திருவிழாவுக்கோ இன்னும் மூன்று வாரம் இருந்தது. எதற்காக நேர்ந்தது என்று நான் கேட்டதில்லை. தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் வீட்டுக்கு ஒரு சேவல் அப்படித்தான் திரியும்.

மாமாதான் வழி சொன்னார். கையளவு உயரமே உள்ள கூடையைக் கவிழ்த்து, மேலே கல்லை வைத்தார்.

"கழுத்த நீட்டாம கூவ முடியாதுலா, அக்கா. மந்திரியே வந்தாலும் தெரியாது."

அவர் சொன்னது சரிதான். எட்டாம் நாள் அதிகாரி வந்தபோது சேவல் மூச்சு விடவில்லை. அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் சேவல் இல்லை என்றாள். பள்ளிச் சீருடையில் பக்கத்தில் நின்ற நான், "இருக்கிறது ஐயா, குளியலறைக்குப் பின்னால்" என்று பிழையில்லாத மலாயில் சொன்னேன். இன்று என் மகன் அப்படிச் சொன்னால் தட்டிக்கொடுப்பேனா, வாயைப் பொத்துவேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வருகிறது.

அதிகாரி கூடையைத் தூக்கினார். சேவலின் காலில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நாளைக்கு வருவேன், இருந்தால் கொண்டுபோய்விடுவேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அம்மா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. சேவலைச் சாக்குப்பையில் போட்டாள், என் கையைப் பிடித்தாள், கோப்பெங் பஸ் ஏறினாள். திருவிழா இல்லாத நாளில் வந்து நின்றவளைப் பார்த்துப் பூசாரி முணுமுணுத்தபடியே சேவல் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். இரண்டு முறை தெளித்தும் அசையவில்லை. அம்மாவின் பிடியில் என் விரல்கள் வலித்தன.

"யார் பேருக்கும்மா?" என்றார் பூசாரி.

அம்மா என் பெயரைச் சொன்னாள். அதிகாரியிடம் காட்டிக்கொடுத்ததற்காக முனியாண்டியிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்கிறாள் என்றே நினைத்தேன். மூன்றாம் முறை சேவல் சிலிர்த்தது. அம்மா அழுதாள். புகார் பலித்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அதிகாரி வந்தபோது, சேவல் இல்லை என்று சொல்ல அம்மா என்னையே முன்னால் அனுப்பினாள். அதுவும் உண்மைதான். தலைநிமிர்ந்து சொன்னேன்.

சென்ற வருடம் என் மகனுக்குக் காய்ச்சலில் இழுப்பு வந்து, பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, அம்மா என் தோளைத் தொட்டாள்.

"ஒனக்கும் இதே வயசுல, இதே ஆஸ்பத்திரியிலதான். பத்து வயசு வரைக்கும் காப்பாத்திக் குடு, சேவல் தாரேன்னு முனியாண்டிகிட்ட கேட்டேன்."

அந்த வருடம்தான் எனக்குப் பத்து முடிந்திருந்தது.