நான்காவது படம்

எங்கள் வீட்டு ஓவியக்காரிக்குப் பென்சில் என்று பெயர் வைத்தது நான்தான். ஒல்லி. காதோரம் எப்போதும் ஒன்றைச் சொருகியிருப்பாள். கொஞ்சம் அழுத்திச் சொன்னால் முனை ஒடிந்துவிடும். என் அக்கா மகள், நான் அவளுக்குச் சித்தி. ஓவியக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். கார்ட்டூன் படங்களில் வரும் ஆட்களை உருவாக்குவதுதான் படிப்பு. ஆளை உருவாக்க ஒரு கல்லூரியா என்று சேர்ந்த அன்று கேட்டுத் தொலைத்தேன். மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பதினான்கு வருஷமாக அதே வேன், அதே வழி, அதே கோபம். வாசலுக்குத் தாமதமாக வரும் பிள்ளையை ஒன்றும் சொல்ல மாட்டேன், அதன் அம்மாவைத்தான் முறைப்பேன். ஒரு நாள்கூட நான் நேரம் தவறியதில்லை என்ற திமிர். பென்சிலும் ஐந்து வருஷம் என் வேனில்தான் பள்ளிக்கூடம் போனாள். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் இருப்பது அவள் சீட். வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் நின்றுகொண்டே வருவாள், எழுந்திரு என்று வாய் திறந்து கேட்க மாட்டாள். கண்ணாடியில் எனக்கு அவள் முகம் தெரியும், அவளுக்கு என் முதுகு தெரியும். சண்டை, சமாதானம், கணக்குப் பரீட்சை, பல்வலி எல்லாவற்றையும் அப்படித்தான் பேசித் தீர்த்தோம்.

அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலை. பென்சிலின் அப்பா இறந்த மறு வருஷம் கிளம்பினாள். அப்போது இவளுக்குப் பன்னிரண்டு வயது. விடியற்காலையில் வண்டி வந்துவிட்டது, பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் அழுது ஊரைக் கூட்டுவாள், உனக்கும் கால் நகராது, பேசாமல் கிளம்பு என்று அக்காவிடம் சொன்னது நான்தான். நல்லதற்குத்தான் சொன்னேன். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனாள். விடிந்ததும் எழுந்து வந்த பிள்ளை மூன்று அறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து, என்னிடம் ஒன்றுமே கேட்காமல் பல் தேய்க்கப் போனாள்.

ஏழு வருஷத்தில் அக்கா வந்தது ஒரே ஒரு தடவை. இருந்தது பன்னிரண்டு நாள். அத்தனை நாளும் பென்சில் அவளை விட்டு ஓரடி நகரவில்லை. குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பாள். அக்கா திரும்பிப் போன அன்று பார்த்து இவளுக்குப் பரீட்சை, வழியனுப்பக்கூட முடியவில்லை. மற்றபடி தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ கால். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, பின்னால் வெறும் சுவர் தெரிய, நெஞ்சு வரைக்கும் வருவாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, சித்தியை எதிர்த்துப் பேசினாயா. பேச்சு முடிந்ததும் அவள் கட்டைவிரல் பெரிதாக முன்னால் வரும், திரை அணைந்துவிடும். இந்தப் பிள்ளை தினமும் தன் அம்மாவைக் கடைசியாகப் பார்ப்பது ஒரு கட்டைவிரலாகத்தான்.

இந்த வருஷம் அவள் வகுப்பில் இருபது பேரும் சேர்ந்து ஒரு குறும்படம் செய்ய வேண்டும். படகுத் துறையில் பயணிகளுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் ஒரு பெண்ணின் கதை. அந்தப் பெண்ணுக்கு ஆளாளுக்கு ஒரு முகம் வரைந்தார்கள். பென்சில் வரைந்த முகம் எல்லாருக்கும் பிடித்துப்போய், நாயகி இவள்தான் என்று முடிவாயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வேலை, அதே பெண்ணை ஒரே தாளில் நான்கு படமாக வரைவது. முன்பக்கம், கொஞ்சம் திரும்பி, பக்கவாட்டு, பின்பக்கம். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அவளை நடக்கவும் உட்காரவும் வைப்பார்களாம். பத்து நாள் கண் எரிய எரிய வரைந்தாள்.

திங்கட்கிழமை அந்தத் தாளைப் பெரிய திரையில் போட்டு, இருபது பேர் முன்னால் அவர்கள் ஆசிரியை சொன்னது இது.

"முன்னாடி நிக்கிறவ ஒருத்தி, பின்னாடி நிக்கிறவ வேற ஒருத்தி. முன்னாடி இருக்கிறவ யாருக்காகவோ காத்திருக்கா. பின்னாடி இருக்கிறவளுக்கு எதுக்கோ நேரமாச்சு. நடுவுல இருக்கிற ரெண்டும் துணிக்கடை பொம்மை. வெள்ளிக்கிழமைக்குள்ள இது ஒரே ஆளா வரணும். இல்லைன்னா வேற ஒருத்தரோட நாயகியை எடுத்துக்குவோம். நீ மரமும் சுவரும் வரையுற குழுவுக்குப் போயிடு."

இது எனக்கு உடனே தெரியாது. சாயங்காலம் வேனைப் பெருக்கலாம் என்று துடைப்பத்தோடு போனால், தன் பழைய சீட்டில் படம் வரைகிற டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. மெல்ல மெல்லப் பிடுங்கி விஷயத்தை வாங்கினேன். வந்த கோபத்துக்கு, அந்த ஆசிரியை மட்டும் என் வேனில் ஏறியிருந்தால் பாதி வழியில் இறக்கிவிட்டிருப்பேன்.

"அப்படி என்ன தப்புன்னு நானும் பார்க்கிறேன். காட்டு."

முன்பக்கம் என் அக்காதான். அச்சு அசல். சிரிப்பு வரும்போது கீழுதட்டைக் கடித்து அடக்குவாளே, அந்த வாய். தூங்காத கண். பிறகு நான்காவது படத்தைப் பார்த்தேன். இடது தோள் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. முழங்கை யாரையோ இடிக்கப் போகிற மாதிரி வெளியே தள்ளியிருந்தது. ஒரு குதிகால் தரையில் படவில்லை. முடியை அள்ளித் தூக்கி ஒரு கிளிப். அந்தக் கிளிப்பில் நடுவில் ஒரு பல் இல்லை.

என் கை தானாகத் தலைக்குப் பின்னால் போனது. நடுவில் ஒரு பல் இல்லை. உடைந்து ஒரு வருஷம் இருக்கும், வேறு வாங்கச் சோம்பல்.

"அடியே, இது நான்டி."

"நீயா? போ சித்தி."

துடைப்பத்தைப் போட்டுவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். என் முதுகையும் மடியில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அம்மாவோட முதுகு தெரியாது சித்தி" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏழு வருஷம் ஆக்கிப் போட்டு, காய்ச்சலுக்குக் கண்விழித்து, வாய்க்கு வந்தபடி திட்டி வளர்த்திருக்கிறேன், பாதிப் படமாவது நான் இருக்கிறேனே என்று. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன அக்கா ஞாபகத்துக்கு வந்தாள். அன்றைக்கு இவளை எழுப்பியிருந்தால், அவள் நடந்து போவதை ஒரு தடவையாவது பார்த்திருப்பாள்.

"இதுல என்ன இருக்கு? போன்ல எழுந்து நடந்து காட்டச் சொல்லு" என்றேன்.

"எப்படிச் சொல்றது? அம்மா, உன் முதுகு எனக்கு மறந்துபோச்சுன்னா?"

கடைசியில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கல்லூரி வேலை என்று பொதுவாகச் சொல்லிக் கேட்டாள். கொஞ்சம் எழுந்து நட அம்மா. அக்கா சிரித்து மழுப்பினாள். "இங்க எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு. இன்னொரு நாள் பார்க்கலாம்." கட்டைவிரல் அன்றைக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. பென்சில் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காரணம் எனக்குத் தெரியும். அந்த அறையில் ஆறு பேர். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டில்கள், நடுவில் கொடி கட்டித் துணிகள். மகளுக்குக் காட்டக்கூடியது அந்த ஒரு சுவர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை அதற்காகக் காத்திருக்குமா? புதன்கிழமை காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு நானே அக்காவைக் கூப்பிட்டேன்.

"உன் பொண்ணு உன் மூஞ்சியை என் உடம்புல ஒட்டி வச்சிருக்கா. காலேஜ்ல இருபது பேர் முன்னாடி அசிங்கப்பட்டுட்டு வந்து நிக்கிறா. அவளுக்கு உன் முதுகு தெரியலையாம். தெரியாமப் போனதுக்கு நானும் ஒரு காரணம். எழுந்து நாலு அடி நடந்தா உனக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

அக்கா சொன்னாள், "நாளைக்கு உங்க நேரம் ரெண்டரைக்கு எனக்கு இடைவேளை. வேலை செய்யற இடத்துல ஒரு நீள வராந்தா இருக்கு. அங்க நடக்கிறேன்."

வியாழக்கிழமை மதியம் பென்சில் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் தயாராக உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். அக்கா வெளிர்நீலச் சீருடையில் வந்தாள். வேலை நடக்கும் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம், வராந்தா தொடங்கும் இடத்திலேயே ஆளுக்கொரு கட்டம் போட்ட மர அலமாரி இருக்கிறது. தன் கட்டத்தில் போனை நிறுத்திவைத்தாள். நீளமான வராந்தா தெரிந்தது, கடைசியில் ஒரு பெரிய கதவு.

"கதவு வரைக்கும் போய் நில்லு. நான் சொல்ற வரைக்கும் திரும்பாதே" என்றாள் பென்சில்.

"சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பினாள்.

நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். இந்த அக்காவா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள்? ஈர விரிப்புகளை இழுத்து இழுத்து வலது பக்கம் முழுக்கச் சாய்ந்திருந்தது. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தாள். ஒரு கை சுவரைத் தொடாமல், தேவைப்பட்டால் பிடித்துக்கொள்ளலாம் என்பது போலச் சுவரோடு கூடவே போனது. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். தினமும் போனில் தலையை மூடி இழுத்துப் போட்ட துப்பட்டாவுக்குள் அது எங்களுக்குத் தெரியவே இல்லை.

கதவருகே போய் நின்றாள். பென்சிலின் கை வேகமாக ஓடியது. இரண்டு, மூன்று, நான்கு தாள். பிறகு, "போதும் அம்மா, திரும்பு" என்றாள்.

அக்கா திரும்பவில்லை.

"அம்மா, திரும்பு."

நானும் கத்திப் பார்த்தேன். அத்தனை தூரத்துக்கு அந்தப் போனின் சத்தம் எங்கே போகும்? சொல்லும்வரை திரும்பாதே என்று மகள் சொல்லியிருக்கிறாள், அவள் நிற்கிறாள். ஆட்கள் தள்ளுவண்டியோடு கடந்து போனார்கள். ஒருத்தி ஏதோ கேட்டுச் சிரித்தாள். அக்கா ஒதுங்கி வழிவிட்டாளே தவிரத் தலையைத் திருப்பவில்லை. தலை மட்டும் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது, காதைக் கொடுத்துக் கேட்கிற மாதிரி.

பென்சில் கத்துவதை நிறுத்திவிட்டாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. அந்தச் சாய்ந்த தலையை வரைந்தாள்.

பத்து நிமிஷம் இருக்கும். உள்ளே மணி அடித்த பிறகுதான் அக்கா மெதுவாகத் திரும்பி வந்தாள்.

"முடிஞ்சுதா? நீ சொல்லவே இல்லையே."

"இப்பதான் முடிஞ்சுது அம்மா" என்றாள் பென்சில்.

வெள்ளிக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மதியமே வேனை எடுத்துக்கொண்டு போய்க் கல்லூரி வாசலில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு மணிக்கு வந்தாள். முன்னால் வந்து உட்காராமல் தன் பழைய சீட்டில் ஏறினாள்.

"என்னடி சொன்னாங்க?"

"இப்பதான் ஒரே ஆளா இருக்கான்னாங்க. நாயகி இவளேதான். பக்கவாட்டுப் படம் மட்டும் இன்னும் பொம்மையாம், திரும்ப வரையணும்."

"அந்தம்மாவுக்குத் திருப்தியே வராதா?" என்றேன். சந்தோஷத்தில் ஹாரனில் கை பட்டு, வாசலில் நின்ற நாய் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து யதார்த்தமாகக் கேட்பது போலக் கேட்டேன், "என் முதுகை என்ன பண்ணினே?"

"வச்சிருக்கேன். படகு ஓட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?"

இரண்டரைக்கு அக்காவே கூப்பிட்டாள். பென்சில் விஷயத்தைச் சொல்லி, நான்காவது படத்தைப் போனுக்கு நேரே பிடித்தாள். அக்கா கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

"நான் இப்படியா ஆயிட்டேன்?"

"இப்படித்தான் இருக்கே."

"நல்லாவே இல்லையே."

"எனக்கு இது வேணும் அம்மா."

அக்கா கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். மற்றதெல்லாம் வழக்கமான பேச்சு. சாப்பிட்டாயா, சித்தி திட்டினாளா. மணி அடித்தது. கட்டைவிரல் பெரிதாக முன்னால் வந்தது. பாதியில் நின்றது, பின்னால் போனது. போனைத் தன் கட்டத்தில் வராந்தாவைப் பார்க்க நிறுத்திவைத்தாள்.

"நான் வேலைக்குப் போறேன். நீயே வச்சிடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மூன்று மணி ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட இன்னும் கால்மணி நேரம்தான், இப்போதே கிளம்பினால்தான் சரியாகப் போக முடியும். சாவியில் கையை வைத்துக்கொண்டு கண்ணாடியில் அவளைப் பார்த்தேன்.

"கிளம்பலாமா?"

"கொஞ்சம் இரு சித்தி" என்றாள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அம்மா இன்னும் போயிட்டிருக்கா."

நான் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.