பேருந்து வேண்டாம் என்று பேசியவள்

எங்கள் வகுப்பில் அவளுக்கு முணுமுணு என்று பெயர். வருகைப் பதிவின்போது அவள் சொல்கிற ‘உள்ளேன்’ சட்டைக் காலரைத் தாண்டாது. கேள்வி கேட்டால் காது சிவக்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளுடைய அப்பா எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர், ஊரையே கூட்டுகிற குரல். அவருக்கு இப்படி ஒரு பெண் எப்படிப் பிறந்தாளோ என்று கிண்டல் செய்வோம்.

அந்த ஆண்டு மொழி டீச்சர் எங்களுக்கு வாதம் எழுதவும் மேடையில் பேசவும் சொல்லிக்கொடுத்தார். யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார். தலைப்பு: ‘பள்ளிக்குப் பேருந்து தேவையா?’ பேருந்தை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நேரம் அது. டீச்சருக்குத் தெரியுமோ என்னவோ, எங்களுக்குத் தெரியும். எனக்குத் ‘தேவை’ வந்தது. முணுமுணுவுக்குத் ‘தேவையில்லை’.

அவள் முகம் வெளுத்துவிட்டது.

“மிஸ், சீட்டை மாத்திக்கட்டுமா?”

“பிடிச்ச பக்கம் யார் வேணா பேசுவாங்க. பிடிக்காததைப் பேசிப் பழகத்தான் இந்த வகுப்பு. போ, எழுது.”

எழுதினாள். வாய் திறக்காதவளுக்குப் பேனா நன்றாகவே வாய் திறந்தது. பாதிப் பேர் நடந்து வருகிற தூரத்தில்தான் இருக்கிறோம், மீதிப் பேர் ஊரைச் சுற்றித் தூங்கி வழிந்துகொண்டு வருகிறோம், அந்தச் செலவில் நூலகத்தைச் சாயங்காலமும் திறந்து வைக்கலாம் என்று அடுக்கியிருந்தாள். இதைக் கேட்டால் பேருந்தை நிறுத்தியே விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

“மேடைல உளறிடுறேன்டி,” என்றாள். “எனக்கு உளறுறது புதுசா? அப்பா வேலை தப்பிச்சா போதும்.”

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

போட்டியன்று பள்ளி நிர்வாகி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசிவிட்டு இறங்கினேன். அவள் ஏறினாள். அப்போது பார்த்து அவள் அப்பா கதவருகே வந்து நின்றார். மகள் பேசுகிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. முகமெல்லாம் பல்லாக நின்றார்.

முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை. அப்பா காதருகே கையைக் குவித்து, ‘சத்தமா’ என்று சைகை காட்டினார். அந்த முகத்துக்கு முன்னால் உளற அவளுக்கு மனம் வரவில்லை. குரலை உயர்த்தினாள். அவ்வளவுதான், எழுதியதெல்லாம் தடுமாறாமல் வந்துவிட்டது. அப்பாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிவதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். காதருகே வைத்த கையை அவர் எடுக்கவேயில்லை. நடுவில் நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை.

கைதட்டல் அடங்கியதும் நிர்வாகி எழுந்தார். “அருமை! திங்கட்கிழமை பெற்றோர் கூட்டத்துல இதையே பேசும்மா. எல்லாரும் ஒத்துக்குவாங்க.”

அவள் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் பேருந்தில் எங்களைத் தவிர எல்லோரும் இறங்கிய பிறகு, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் போய் நின்றாள்.

“அப்பா, திங்கட்கிழமை நான் உளறிடுறேன்ப்பா.”

“வேணாம்.”

“வேலை போயிடும்ப்பா!”

“நீ உளறித்தான் எனக்கு வேலை நிக்கணுமா? இன்னைக்குப் பேசின மாதிரியே பேசு.”

குரல் எப்போதும்போல்தான் இருந்தது. பேருந்து மட்டும் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.