மனுஷர் ஒருவரும் இல்லை

எங்கள் வீட்டு ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு அன்று வந்திருந்தவர்கள்: சபை உபதேசியார், அவர் மனைவி, எங்கள் வரிசை வீடுகளிலிருந்து எட்டுப் பத்துப் பெண்கள், துறைமுகத்தில் நைனா வேலை செய்த, சரக்கு இறக்கும் கம்பெனியில் கணக்கெழுதும் சபைக்காரர் ஒருவர், கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டியபடி நைனா, பன்னும் சுக்குக் காப்பியும் கொடுத்துக்கொண்டு அம்மாவும் நானும். வராதவர் ஒருவர்தான். நைனாவைக் கப்பலின் அடித்தட்டில் சாகாமல் இழுத்துப் போட்ட வண்ணாரப்பேட்டை பாய். அவர் பெரியாஸ்பத்திரியில் இருந்தார். வலது கையில் நான்கு விரல்களை எடுத்திருந்தார்கள். வீட்டில் இருந்திருந்தாலும் அவரைக் கூப்பிட்டிருப்போமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். நைனாவும் பாயும் கோதுமை மூட்டை இறக்கும் ஒரே செட்டில் வேலை செய்தார்கள். மற்றவர்கள் டீ குடிக்க மேலே போயிருந்த நேரம், நைனா இரும்பு ஏணியில் கால் வழுக்கி அடித்தட்டில் விழுந்தார். மேலே நின்று, பாரம் தூக்கி இறக்கும் வின்ச்சுக்காரனுக்குக் கைகாட்ட வேண்டியவன் இடத்தில் இல்லை. கீழே ஆள் கிடப்பது தெரியாமல் வின்ச்சுக்காரன் கொக்கியை இறக்கினான். பாய் ஓடிவந்து நைனாவின் அக்குளில் கைகொடுத்து இழுத்தார். நைனா தப்பினார். கம்பி வடத்துக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவில் பாயின் கை மாட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் நைனா கேட்டது, "பாய் எங்க?" என்றுதான். அதை என் காதாலேயே கேட்டேன். ஆனால் அடுத்த நாள் உபதேசியார் வந்தார். நைனாவின் தலையில் கை வைத்து, ஆண்டவர் உன்னை எதற்கோ வைத்திருக்கிறார் என்றார். அம்மா அழுதாள். அவள் மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்து வந்தவள். மதுவிலக்கு வந்த பிறகும் நைனாவுக்கு எங்கிருந்தோ சாராயம் கிடைத்துக்கொண்டிருந்தது. விழுந்த அன்றும் குடித்திருந்தார். அம்மாவுக்கு இது விபத்தாகத் தெரியவில்லை, பதிலாகத் தெரிந்தது. நைனாவுக்கும் அப்படியே தெரியத் தொடங்கியது. பிறகு அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. அதனால் அந்தக் கதையை நான் லேசாகப் பேசமாட்டேன். எங்கள் வீட்டில் அடி உதை நின்றது அந்தக் கதையால்தான்.

எங்கள் சபையில் கூட்டம் முடியுமுன் யாராவது எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். சாட்சி சொல்வது என்போம். நைனா ஒவ்வொரு ஞாயிறும் சொன்னார். முதல் ஞாயிறு, பாய் இழுத்தார் என்று சொன்னார். அடுத்ததில் பாய் ரூபத்தில் ஆண்டவர் இழுத்தார் என்றார். கால் கட்டு அவிழ்க்கும் முன்பே பாய் சாட்சியிலிருந்து போய்விட்டார். வேண்டுமென்று யாரும் அவரைத் தள்ளவில்லை. சபை "ஸ்தோத்திரம்" என்று சொல்லும் இடங்கள் நைனாவுக்குப் பழகிப்போயின. அந்த இடங்கள் நின்றன, மற்றவை உதிர்ந்தன.

சபைப் பத்திரிகைக்கு அதை எழுதித் தரும்படி உபதேசியார் என்னிடம் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். சர்ச்சில் கேட்டுக் கேட்டு வேதாகமத் தமிழ் என் காதில் ஊறியிருந்தது. "உடன் வேலை செய்த ஒருவர்" என்று முதலில் எழுதினேன். வாக்கியம் அந்த இடத்தில் தட்டியது. அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "அந்தப் பாதாளத்திலே மனுஷர் ஒருவரும் இல்லை. கர்த்தருடைய கரமே என்னைத் தூக்கிவிட்டது." நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பாயப் பத்தி ஒண்ணும் போடலியா?" என்றார்.

சாட்சியில் மகிமை முழுக்க ஆண்டவருக்குத்தான் போக வேண்டும், எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். படித்த பிள்ளை சொன்னால் சரி என்று கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். அச்சில் வந்தபோது அம்மா பத்துப் பிரதி வாங்கி எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். நைனா எழுந்துபோய் அவரைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பாய் சிரித்தார். "உன்ன இஸ்த்தப்போதான் தெரிஞ்சுது நைனா, கோதுமை மூட்டை எவ்ளோ தேவலன்னு."

வந்த விஷயத்தைப் பிறகு சொன்னார். கம்பெனி நஷ்டஈடு தர மறுக்கிறது. பாய் அந்த நேரம் கப்பலிலேயே இல்லை, வெளியே சொந்த வேலையாகப் போய் லாரியில் கையை நசுக்கிக்கொண்டார் என்று சொல்கிறார்கள். கைகாட்டுபவன் இடத்தில் இல்லாதது வெளியே வந்துவிடும் என்பதால் மேஸ்திரியும் அதையே சொல்கிறார். மூட்டை தூக்க இனி முடியாது, வீட்டில் நான்கு பெண் பிள்ளைகள். நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் அதிகாரி முன்னால் வந்து நடந்ததைச் சொல்ல நைனா ஒருவர்தான் உண்டு.

"இத்தப் போயி கேக்கணுமா பாய்? நீ இல்லாங்காட்டி நான் ஏது?" என்றார் நைனா.

அம்மா அவருக்கு டீ கொடுத்தாள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். பத்திரிகையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதியது கோர்ட்டுக் கச்சேரி வரை போகாது என்று நினைத்தேன். அது சபைக்குள் இருக்கிற பேச்சு, இது வெளியே இருக்கிற பேச்சு என்று இரண்டையும் வேறு வேறாக வைத்திருந்தேன்.

விசாரணை அன்று நைனா ஞாயிற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நடந்ததை நடந்தபடி சொன்னார். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். அதன்பின் கம்பெனி வக்கீல் எழுந்து எங்கள் பத்திரிகையை எடுத்தார். ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு வந்திருந்த கணக்கர் பின்பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வக்கீல் என் வரிகளை நிறுத்தி நிதானமாகப் படித்தார். அவர் படித்தபோதும் அவை நன்றாகவே இருந்தன.

"இது நீங்கள் சொன்னதா?"

"ஆமாங்க."

"மனுஷர் ஒருவரும் இல்லை. இது பொய்யா?"

நைனா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்திருந்தாள். அதைப் பொய் என்று சொன்னால் எதெல்லாம் சேர்ந்து பொய்யாகிவிடும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. குடியை விட்டது, அம்மாவின் வெள்ளிக்கிழமைகள், கண் விழித்த அந்தக் காலை, எல்லாம்.

"ஆண்டவர் பேர்ல சொன்னதுங்க. அதுல பொய் கெடையாது."

"அப்படியானால் இன்று சொன்னதுதான் பொய்."

"அதுவும் நெசம் சாமி. பாய்தான் இஸ்த்தாரு. ரெண்டும் நெசங்க."

இரண்டையும் எழுத முடியாது என்றார் அதிகாரி. ஒன்றைச் சொல்லுங்கள் என்று இரண்டு முறை கேட்டார். நைனா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை எழுதியவன் நான், அந்த வரி அவருடையது அல்ல என்று நான் எழுந்து சொல்லியிருக்கலாம். எழுந்திருக்க என் கால்கள் தயாராகவே இருந்தன. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். பிடிக்காமல் இருந்திருந்தால் எழுந்திருப்பேன் என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுவும் எனக்கு நானே கட்டிக்கொண்ட கதைதான்.

அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்கிறவர்கள் எழுந்திருக்கலாம் என்று உபதேசியார் சொன்னபோது நைனா எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. குடிக்கவும் இல்லை. ஜெபிக்கும்போது மட்டும் முன்போல வாய்விட்டுப் பேசாமல் உதட்டை அசைத்தார். பாய் வீட்டுக்கு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் பாய் இல்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. சம்பளத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

ஆறு வாரம் போனபின் பாயே வந்தார். நைனா வேலைக்குப் போயிருந்தார். பாய் உள்ளே வரவில்லை. மடித்த காகிதம் ஒன்றை இடது கையால் நீட்டினார். தீர்ப்பு ஆங்கிலத்தில் வந்திருந்தது. அவருடைய தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லையாம்.

வாசலிலேயே நின்று படித்தேன். மனு தள்ளுபடி என்று சொன்னேன். எதனால் என்று கேட்டார். பத்திரிகை வரியைத் தீர்ப்பில் ஆங்கிலமாக்கிப் போட்டிருந்தார்கள். அதைத் திரும்பத் தமிழாக்கி அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். எழுதியது யார் என்பதையும் சொன்னேன்.

பாய் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க நைனா மேல எனக்குக் கோவம் இல்லப்பா," என்றார். "அவரு நம்புறாரு. நீ படிச்ச புள்ள. ஒரு ஓரமா என்னியும் ஒரு வார்த்த போட்டிருக்கலாம்."

காகிதத்தை வாங்கி மடிக்கப் போனவர், மறுபடியும் என்னிடமே நீட்டினார். மனு எழுதியது தொழிற்சங்கத்துக்காரராம். எவ்வளவு கேட்டு எழுதினார் என்று பாய்க்கு யாரும் சொல்லவில்லையாம். "கெலிச்சிருந்தா எவ்ளோ வந்திருக்கும்? அதுல போட்டுகீதா?"

போட்டிருந்தது. முதல் பக்கத்தின் கீழே. நைனாவின் ஒரு வருஷச் சம்பளத்துக்கும் மேல்: எண்ணூற்று நாற்பது ரூபாய்.