எங்கள் கடலைத் தாண்டி ஒரு கடல்

ஞாயிற்றுக்கிழமை காரில் எங்காவது போய் வருவதற்கு முதலில் ஒரு பெரிய நகரம் வேண்டும். மச்சான் சைகோனிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது. காரைக்காலில் இருந்துகொண்டு எதை விட்டு எங்கே போவது? எஞ்சின் சூடேறுவதற்குள் ஊர் முடிந்துவிடும்.

மச்சான் என்றால் என் லாத்தாவின் மாப்பிள்ளை. லாத்தா எனக்குப் பத்து வயது மூத்த ஒரே அக்காள். மச்சானுக்குச் சைகோனில் துணிக்கடை இருந்தது. கடல் கடந்து பிழைக்கப் போவதை நாங்கள் சபுர் என்போம். ஆண்பிள்ளைகள் சபுர் போவார்கள், பெண்பிள்ளைகள் வீட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். லாத்தாவும் அப்படித்தான் காத்திருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவர் ஊர்ப்பக்கம் வந்ததே இரண்டு மூன்று தடவைதான். பிள்ளையும் இல்லை. அங்கே சண்டை முற்றிப் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது, அவரும் கடையை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார். அதே வருடம் எங்கள் ஊரிலும் பிரெஞ்சுக் கொடி இறங்கியது.

"நான் போற எடமெல்லாம் கொடிய எறக்குறானுங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

வந்த கையோடு மாயவரத்தில் ஒரு வக்கீலிடமிருந்து பழைய கறுப்புக் கார் ஒன்றை வாங்கினார். சைகோனில் ஞாயிற்றுக்கிழமையானால் நாலைந்து பேர் சேர்ந்து வண்டி எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார்களாம். இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் வரும் அந்த ஊரை அவர் பிரெஞ்சுக்காரர்களைப் போலவே "காப்" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமையை அப்படியே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். அதை விரிக்கத்தான் இங்கே இடமில்லை.

எனக்கு அப்போது பதினாறு வயது. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் ஒரு குடும்பம் பாரீசிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போய், புல்லில் துணி விரித்துச் சாப்பிடும். அதை நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஆகவே மச்சான் வண்டியை எடுத்தால் முன் சீட்டில் நான்தான். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் வண்டி பழகியது சைகோனில். அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். இங்கே சாலை காலியாக இருந்தால் வண்டி தன்னையறியாமல் வலது பக்கம் நழுவிவிடும். "இடது, மச்சான், இடது!" என்று கத்துவது என் உத்தியோகம்.

நெடுங்காடு போனோம், குரும்பகரம் போனோம். இரண்டு பக்கமும் வயல், வாய்க்கால், மறுபடி வயல். ஒரு மரத்தடியில் நிறுத்தி, கடைத்தெருவில் வாங்கிய நீள ரொட்டியைப் பிட்டுத் தின்போம். அதற்குள் நாலு பேர் ஓடி வந்துவிடுவார்கள்.

"யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?"

அந்த ஊர்களுக்குக் கார் வந்தால் ஒன்று டாக்டர், இல்லாவிட்டால் சாவு. சும்மா வந்தோம் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. "சும்மா யாராச்சும் பெட்ரோல் போட்டுக்கிட்டு வருவாங்களா?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் எந்த வீட்டுக்குள் நுழைகிறோம் என்று காத்திருந்தார்கள். மச்சானுக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. பிறகு இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய நானா சிங்கப்பூரிலிருந்து வந்தார். நானா என்றால் அண்ணன். சிங்கப்பூரில் பெரிய கடை அவருக்கு. "எங்கூட வந்துடு. அடுத்த கப்பலுக்கு நாகப்பட்டணத்துல ஏறணும். திங்கக்கெழமை முடிவா சொல்லு" என்றார். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அது இயல்பாகவே பட்டது. சபுராளி மறுபடி சபுர் போகிறார், அவ்வளவுதான்.

லாத்தா மட்டும் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"அவங்க பதில் சொல்றதுக்கு முந்தி நான் ஒரு வார்த்த பேசணும்டி. பகல்ல. நாலு பேரு காதுல விழாம."

"ரூமுல பேசேன்."

"அந்தப் பலகைச் சுவரு மேல முட்டுதா? இந்தப் பக்கம் இருமுனா அந்தப் பக்கம் உம்மா தண்ணி கொண்டாறாங்க. நீதான் படிச்ச புள்ளெயாச்சே, ஒரு வழி பண்ணு."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும், மாப்பிள்ளை வந்து வாழ்வார். அதனால் மச்சான் எங்கள் வீட்டில் பத்து வருடமாக விருந்தாளி. பகலில் அவர் முன்கூடத்தில் வாப்பாவோடு உட்கார்ந்திருப்பார், லாத்தா உள்ளே இருப்பாள். பெரியவர்கள் காதுபட மாப்பிள்ளையோடு பேசுவது மரியாதை இல்லை. அவர்களுக்குள் நடந்த பேச்செல்லாம் என் வாய் வழியாகத்தான் நடந்தது. "மச்சான், சாப்பிட வரீங்களான்னு லாத்தா கேக்குது." "வர்றேன்னு சொல்லு."

பேசுவதற்கு இடமா இல்லை, உங்கள் ஊர்க் கடல் ஒரு மைல் தூரத்தில்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். அங்கே போக முடியாது. அரசலாற்று முகத்துவாரத்தில் வலை இழுப்பவரிலிருந்து சுண்டல் விற்பவர்வரை எல்லோருக்கும் எங்களைத் தெரியும். லாத்தா துப்பட்டியால் எவ்வளவு மூடிக்கொண்டாலும், யார் மகள், யார் பெண்சாதி என்று நடையிலேயே சொல்லிவிடுவார்கள். நாங்கள் வீட்டு மாடியிலிருந்து கடல் சத்தம் கேட்போம், அவ்வளவுதான்.

பொறையாறில் ஒரு மாமிக்குப் பேரன் பிறந்திருந்தான். பார்த்துவிட்டு வரலாம் என்று உம்மாவிடம் ஆரம்பித்தேன்.

"வெள்ளிக்கெழம போனா என்ன? ஞாயித்துக்கெழம யாரு போவா?"

"வெள்ளிக்கெழம எனக்குப் பள்ளிக்கூடம் உம்மா."

"புள்ளெ பாக்கப் போறது அவ. ஒனக்கு என்ன?"

"இடதுன்னு சொல்லணும்ல?"

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறி, இடியாப்பம் எல்லாம் தூக்கில் போட்டுக் கொடுத்தார்கள். காரின் பின் ஜன்னல்களுக்குப் பழைய சேலைத் துண்டைக் கயிற்றில் கோத்துத் திரை கட்டினோம். லாத்தா உள்ளே ஏறினாள். மச்சான் ஹாண்டிலைச் சுற்றி வண்டியைக் கிளப்பினார்.

கோட்டுச்சேரி தாண்டி நண்டலாற்றுப் பாலம் வந்ததும் மச்சான் வண்டியை மெதுவாக்கினார். அதுதான் முன்னாள் எல்லை. சுங்கக்காரர்களின் தடுப்புக்கட்டை எடுத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கட்டை போய்விட்டது, கால் மட்டும் பிரேக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இப்போதும் பலபேர் அங்கே அப்படித்தான் செய்கிறார்கள். நான் அதைப்பற்றி யோசித்துக்கொண்டே உத்தியோகத்தை மறந்துவிட்டேன். வளைவில் எதிரே மாயவரம் பஸ் வந்தது. நாங்கள் வலது பக்கம் போய்க்கொண்டிருந்தோம்.

"இடது! இடது பக்கம் வாங்க!"

நான் கத்தவில்லை. குரல் பின்னாலிருந்து வந்தது. மச்சான் ஸ்டியரிங்கை ஒடித்தார். பஸ் புழுதியை எங்கள்மேல் கொட்டிவிட்டுப் போயிற்று. சாலையோரப் புளியமரத்தடியில் அவர் வண்டியை நிறுத்தினார்.

பிறகு, திரும்பிப் பார்க்காமலே, "உள்ளேந்து தெரியுதா?" என்றார்.

"திரையில ஓட்ட போட்டிருக்கேன்."

"எப்ப போட்ட?"

"இந்தத் துணியெ போன மாசம் நாகூருக்குப் போறப்பத்தான மொதல்ல கட்டுனோம்? அப்பவே."

என் வாய் வழியாக வராமல் அவர்கள் பேசிக்கொண்டு நான் கேட்ட முதல் பேச்சு இதுதான்.

மாமி வீட்டில் பிள்ளையைப் பார்த்தோம், கையில் காசு வைத்தோம், சர்பத் குடித்தோம். பிறகு தரங்கம்பாடிக்குப் போனோம். மச்சான் "டச்சுக்காரர் கோட்டை" என்று சொன்ன பழைய கோட்டைக்குப் பக்கத்தில் வண்டியை விட்டோம். ("டச்சு இல்ல, டேனிஷ்" என்று நான் திருத்தினேன். யாரும் கவனிக்கவில்லை.) மணலில் பாயை விரித்தோம். அதே கடல்தான். தெற்கே பார்த்தால் எங்கள் ஊர்க் கடலும் அதில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் லாத்தா துப்பட்டியைத் தலையிலிருந்து தோளுக்கு இறக்கிவிட்டு, கால் நனைய நடந்தாள். எங்கள் ஊர்க் கடலைத் தாண்டி எதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டும் என்ற கேள்விக்கு அந்த நடை பதில் சொல்லிவிட்டது.

துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து போன ஒரு மீனவர் நின்றார்.

"புதுசா இருக்கீங்களே, எந்த ஊருங்க?"

"சைகோன்" என்றார் மச்சான்.

"காரைக்கால்" என்றாள் லாத்தா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. அவர் துடுப்பை மணலில் ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"ஒரே வண்டியில வந்துட்டு ஆளுக்கொரு ஊரு சொல்றீங்களே! மொதல்ல அதப் பேசி முடிங்க."

அவர் போன பிறகு மச்சான் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். "வாய் தவறிடுச்சு" என்றார். லாத்தா வந்து பாயின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் கோட்டையைப் பார்க்கப் போவதுபோல் எழுந்தேன்.

"நீ இரு. நாளைக்கு இவங்க, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னா சாட்சி வேணும்" என்று லாத்தா தடுத்தாள்.

உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தக் காப்புல அப்படி என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டாள் லாத்தா.

மச்சான் யோசித்தார். "ஒண்ணும் இல்ல. இதே மணலு, இதே தண்ணி. அங்க ஞாயித்துக்கெழம நம்ம ஊரு ஆளுங்க அத்தன பேரும் வந்துடுவோம். சைகோன் பெரிய ஊரு. வாரம் பூரா ஒருத்தன் மொகத்தையும் தெரியாது. அங்க வந்துதான், யாரு வீட்டுல கல்யாணம், யாரு மவுத்து, எல்லாம் பேசிக்குவோம். ஆட்டுக்கறிக்கு உப்பு பத்தலன்னு சண்டை போடுவோம். கடல எவன் பாத்தான்?"

"அப்போ, தெரிஞ்ச மொகத்தத் தேடித்தான் அவ்வளவு தூரம் போனீங்க."

"ஆமா."

"இங்க பூரா தெரிஞ்ச மொகந்தான். அது ஒங்களுக்கு ஒட்டலையே."

எனக்குத் தெரிந்துவிட்டது, இப்போது லாத்தா கேட்டுவிடுவாள்: போகாதீங்க, இங்கேயே இருந்துடுங்க. அதற்காகத்தானே இவ்வளவு ஏற்பாடும்? நான் மனசுக்குள் துஆகூடக் கேட்டுக்கொண்டேன்.

"நாளைக்கு ஒங்க நானாகிட்ட வர்றேன்னு சொல்லுங்க. ஆனா அடுத்த கப்பலு வேணாம். எனக்கும் சேத்துக் கடுதாசி எல்லாம் தயார் பண்ணுங்க. நானும் வர்றேன்."

மச்சான் அவளை நேராகப் பார்த்தார். "பொம்புளையா சபுர் போவா?"

"நீங்க போனா நான் போவேன். தனியா போறதுன்னா, இப்பவே சொல்லிடுங்க. இன்னொரு பத்து வருஷம் என்னால கணக்குப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"வீடு?"

"என் பேருலதானே இருக்கு, எங்கயும் ஓடிடாது."

"உம்மா?"

"இவ இருக்கா."

அப்போதுதான் நான் வெறும் சாட்சி இல்லை, ஜாமீன் என்று தெரிந்தது. அதற்குமுன் அந்த வீட்டைவிட்டு எங்காவது ஓட வேண்டும் என்று துடித்தவள் நான்தான். பூகோளப் புத்தகத்தில் கப்பல் பாதையெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தவள் நான். கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் என்னை முந்திக்கொண்டாள்.

மச்சான் எழுந்து தண்ணீர்வரை போனார், திரும்பி வந்தார். "இடியாப்பம் எடு, பசிக்குது" என்றார். என்னிடம் இல்லை, லாத்தாவிடம். அவள் எடுத்து வைத்தாள். அவர் சரி என்று சொல்லவே இல்லை. ஆனால் சாப்பிட்டுக்கொண்டே, "அங்க குளிரெல்லாம் கெடயாது, மழதான்" என்றார்.

திரும்பும்போது லாத்தா கடல் பக்கத்துத் திரையை ஒதுக்கிக் கட்டிவிட்டாள். நண்டலாற்றுப் பாலத்தில் மச்சான் இந்தத் தடவை வேகத்தைக் குறைக்கவில்லை. வழியில் ஒரு தடவை வண்டி வலது பக்கம் சாய்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிட்டது. கோட்டுச்சேரி நெருங்கியதும் யாரும் சொல்லாமலே லாத்தா திரையை இறக்கிவிட்டாள். தெரிந்த முகங்கள் ஆரம்பிக்கிற இடம் அது.

வீட்டில் நடந்ததை ஏன் கேட்கிறீர்கள். உம்மா என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இடதுன்னு சொல்லப் போறேன்னுதானே போன?" என்று அவ்வப்போது சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். நானா கப்பலேறிப் போனார், தனியாக. பாஸ்போர்ட்டுக்கும் மற்றதுக்கும் மச்சான் அலைந்தார். மறு வருடம் நாகப்பட்டினத்தில் லாத்தா கப்பலுக்குப் போகிற படகில் இறங்கும்போது, துப்பட்டிக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. உம்மா அழுததில் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்போது நான் அதே பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். ஆற்றங்கரைக் குடும்பத்தின் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளைக் கேட்பேன்: இவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள்? "ரொட்டி திங்க, டீச்சர்" என்பார்கள். நகரத்துக்காரன் தன்னைத் தெரிந்தவனைத் தேடி வெளியே போகிறான், நாங்கள் தெரியாதவனைத் தேடிப் போகிறோம் என்று எனக்கு ஒரு கொள்கை உண்டு. அதை அவர்களிடம் சொல்வதில்லை. கார் கொட்டகையில் நிற்கிறது. வாப்பா விற்கவும் மாட்டேன் என்கிறார், எனக்குக் கற்றுத்தர ஆள் வைக்கவும் மாட்டேன் என்கிறார். நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு மாமி லாத்தாவைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடற்கரைக்குப் போகிறார்களாம். பாதிக் கூட்டம் நம்ம ஊர்தானாம். மச்சான் பேச்சில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. லாத்தா கொஞ்ச நேரம் பெண்களோடு இருந்துவிட்டு, எழுந்து தள்ளிப்போய், மலாய்க்காரக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமாகத் தண்ணீரில் நடப்பாளாம்.

"'ஏம்புள்ளெ அங்க போறே?'ன்னு கேட்டேன். 'அங்கதான் மாமி, யாராச்சும் எந்த ஊருன்னு கேக்குறாங்க' அப்படின்னா" என்றார் மாமி.

"அந்த ஊருல சாலையில எந்தப் பக்கம் போறாங்க?" என்று கேட்டேன்.

"இங்க மாதிரிதான், இடது. ஏன்?"

"மச்சானுக்குப் பழகிடுச்சா?"

"நல்லாப் பழகிடுச்சே. ஆனா ஒங்க லாத்தா பக்கத்துலயே ஒக்காந்துக்கிட்டு வழி பூரா சொல்லிக்கிட்டேதான் வருது."